எறும்பு கடிச்ச மாதிரியா? ஊசி வலியைப் பற்றி அறிவியல் சொல்வது

“ஒண்ணும் வலிக்காதுடா கண்ணு, எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்.”

தடுப்பூசி போடப் போகும் குழந்தையிடம் நம் வீடுகளில் காலங்காலமாகச் சொல்லிவரும் வாக்கியம் இது. சொல்பவர் அன்போடுதான் சொல்கிறார். அடுத்த நிமிடம் ஊசி ஏறுகிறது, குழந்தை வீறிடுகிறது. அடுத்த முறை கிளினிக் வாசலைக் கண்டதுமே அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டு உள்ளே வர மறுக்கிறது.

குழந்தை என்றால் அழத்தான் செய்யும், இதில் அறிவியல் என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். நிறையவே இருக்கிறது. ஊசி வலி எப்படி உண்டாகிறது, அதை எப்படிக் குறைக்கலாம், எந்தச் சொல் பயத்தை ஆற்றும், எந்தச் சொல் அதைக் கூட்டும் என்பதையெல்லாம் கடந்த நாற்பது ஆண்டுகளில் ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அவர்கள் கண்டறிந்தவற்றுள் பெரும்பாலானவற்றைச் செய்யக் காசு தேவையில்லை. கருவியும் தேவையில்லை. தம்பி தங்கையோடு கிளினிக்குக்குப் போகும் ஓர் அண்ணனோ அக்காவோ செய்யக்கூடியவைதாம்.

பதினெட்டு மாதத்தில் பதினொரு ஊசி

ஜோகூரின் குளுவாங் மாவட்டத்தில், வடக்கு தெற்கு நெடுஞ்சாலையை ஒட்டியிருக்கும் ஊர் சிம்பாங் ரெங்கம். செம்பனைக்கும் அன்னாசிக்கும் நடுவே வளர்ந்த இந்த ஊரிலும் ஓர் அரசாங்கச் சுகாதாரக் கிளினிக் இருக்கிறது. அங்கே போடப்படும் தடுப்பூசிகள் கோலாலம்பூரில் போடப்படுபவைதாம். தேசியத் தடுப்பூசித் திட்டத்தின் அட்டவணை தீபகற்ப மலேசியா முழுவதற்கும் ஒன்றே. சபாவிலும் சரவாக்கிலும் மட்டும் அங்குள்ள நோய்களுக்கு ஏற்பச் சில ஊசிகள் கூடுதலாகப் போடப்படுகின்றன.

உங்கள் வீட்டுக் குழந்தையின் சுகாதாரப் பதிவேட்டைத் திறந்து எண்ணிப் பாருங்கள். பிறந்தவுடன் காசநோய்க்கு எதிரான பி.சி.ஜி., கல்லீரலைத் தாக்கும் ஹெப்பாடைட்டிஸ் பி நோய்க்கு எதிரான ஊசி என இரண்டு. இரண்டு, மூன்று, ஐந்து, பதினெட்டு மாதங்களில் ‘ஆறில் ஒன்று’ ஊசி நான்கு முறை. நான்கு, ஆறு, பதினைந்து மாதங்களில் நிமோகாக்கஸ் கிருமிக்கு எதிராக மூன்று முறை. ஒன்பது, பன்னிரண்டு மாதங்களில் தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லா ஆகிய மூன்றுக்கும் சேர்த்து இரண்டு முறை. மொத்தம் 11.

இந்த எண்ணிக்கை இன்னும் கூடுதலாக இருந்திருக்கும். தொண்டை அடைப்பான், ரணஜன்னி, கக்குவான், போலியோ, ஹிப் கிருமி, ஹெப்பாடைட்டிஸ் பி ஆகிய ஆறுக்கும் தனித்தனி ஊசி என்றால் ஒரு குழந்தைக்கு எத்தனை குத்து என்று கணக்கிட்டுப் பாருங்கள். மலேசியா 2020ஆம் ஆண்டின் இறுதிவாக்கில் ஐந்தில் ஒன்று ஊசியிலிருந்து ஆறில் ஒன்றுக்கு மாறியது. அதற்கு முன் ஹெப்பாடைட்டிஸ் பி தனியாகப் போடப்பட்டது. ஊசிகளை ஒன்றாக்குவதே வலியைக் குறைக்கும் முதல் வழி. ஆனாலும் 11 ஊசி மிஞ்சுகிறது. ஒவ்வொரு முறையும் ஒரு குழந்தையும், அதைத் தூக்கிவரும் ஒரு பெரியவரும் அந்தச் சில நொடிகளைக் கடந்தாக வேண்டும்.

வலி எப்படிப் பயணம் செய்கிறது?

கைக்குழந்தைக்கு ஊசி பெரும்பாலும் தொடையின் முன்பக்கத்தில், சற்று வெளிப்புறமாகப் போடப்படுகிறது. அந்த வயதில் கையில் போதுமான தசை இருக்காது. தொடைத் தசை பெரியது. முக்கியமான நரம்போ பெரிய இரத்தக் குழாயோ அந்த இடத்தில் குறுக்கே வராது.

ஊசி தோலைத் துளைக்கும்போது வலி உணர் நரம்பு முனைகள் தூண்டப்படுகின்றன. செய்தி இரண்டு வகை நரம்பிழைகள் வழியாக முதுகுத்தண்டுக்கும் மூளைக்கும் போகிறது. ஒரு வகைக்கு மையலின் என்னும் கொழுப்பு உறை உண்டு. அதில் செய்தி நொடிக்கு 5 முதல் 30 மீட்டர் வேகத்தில் ஓடும். ‘சுருக்’ என்ற முதல் வலியைத் தருவது இதுதான். இன்னொரு வகைக்கு உறை இல்லை. அதன் வேகம் நொடிக்கு 0.5 முதல் 2 மீட்டர்தான். பிறகு வரும் மந்தமான, நீடிக்கும் வலி இதனுடையது.

கட்டில் காலில் நீங்கள் விரலை இடித்துக்கொண்ட தருணத்தை நினைத்துப் பாருங்கள். விரலிலிருந்து மூளைக்கு ஏறக்குறைய 1.5 மீட்டர் தூரம் என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 15 மீட்டர் ஓடும் செய்தி 0.1 நொடியில் போய்ச் சேரும். நொடிக்கு 1 மீட்டர் நகரும் செய்திக்கு 1.5 நொடி ஆகும். முதலில் ‘சுருக்’, பிறகு ‘விண் விண்’ என்று வலி இரண்டு தவணையாக வருவதற்கு இந்த வேறுபாடே காரணம்.

‘பச்சைக் குழந்தைக்கு என்ன தெரியும்?’

பிறந்த குழந்தைக்கு வலி சரியாகத் தெரியாது என்று ஒரு காலத்தில் மருத்துவர்களே நம்பினார்கள். அதற்கு ஓர் உடலியல் காரணமும் சொன்னார்கள்: குழந்தையின் நரம்புகளில் மையலின் உறை முழுமையாக வளர்ந்திருக்காது, ஆகவே வலிச் செய்தி ஒழுங்காகப் போகாது. இந்த நம்பிக்கையாலும், மயக்க மருந்து சிறு உடலுக்கு ஆபத்து என்ற அச்சத்தாலும், பச்சிளம் குழந்தைகளுக்கு மிகக் குறைந்த வலி மருந்தோடு அறுவைச் சிகிச்சை செய்வது 1980கள் வரை பல மருத்துவமனைகளில் வழக்கமாக இருந்தது.

இதை மாற்றியவர்களுள் முக்கியமானவர் கன்வல்ஜீத் சிங் ஆனந்த். இந்தியாவில் மருத்துவம் படித்து, ஆய்வுக்காக ஆக்ஸ்ஃபர்டு சென்றவர் அவர். குறைமாதக் குழந்தைகளுக்கு அறுவைச் சிகிச்சையின்போது போதிய வலி மருந்து கொடுத்தால் உடலின் அதிர்ச்சி எதிர்வினைகள் குறைகின்றன என்று அவரும் உடன் ஆய்வாளர்களும் 1987இல் காட்டினார்கள். அதே ஆண்டு ஹிக்கி என்ற மருத்துவரோடு சேர்ந்து அவர் எழுதிய கட்டுரை, மையலின் வாதத்துக்கும் பதில் சொன்னது. உறை முழுமையாக இல்லாவிட்டால் செய்தி மெதுவாகப் போகும், அவ்வளவுதான். குழந்தையின் உடலோ சிறியது. செய்தி கடக்க வேண்டிய தூரமும் குறைவு. மேலே நீங்கள் போட்ட அதே கணக்குத்தான்.

வலி அந்த நிமிடத்தோடு முடிந்துவிடுகிறதா என்பது அடுத்த கேள்வி. கனடாவைச் சேர்ந்த அன்னா டாடியோவும் அவருடைய குழுவினரும் 1997இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பிறந்த சில நாள்களில் வலி மருந்தின்றிச் சிறு அறுவைச் சிகிச்சை செய்யப்பட்ட குழந்தைகள், நான்கு முதல் ஆறு மாதத்தில் தடுப்பூசி போடும்போது மற்றக் குழந்தைகளைவிட அதிகமாக வலியைக் காட்டினார்கள். குழந்தைக்கு அந்த நாள் நினைவில் இல்லை. ஆனால் அதன் நரம்பு மண்டலத்தில் ஏதோ ஒரு தடம் பதிந்திருந்தது.

அந்தத் தடம் வளர்ந்த பிறகும் தொடரலாம். டாடியோவின் குழு கனடாவில் 2012இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வில், பிள்ளைகளில் 63 விழுக்காட்டினரும் பெற்றோரில் 24 விழுக்காட்டினரும் ஊசி என்றால் பயம் என்றார்கள். அந்தப் பயத்தாலேயே தடுப்பூசியைத் தள்ளிப்போட்டவர்களும் அவர்களுள் இருந்தார்கள்.

தள்ளிப்போட்டால் என்ன?

2019 டிசம்பர் 8ஆம் தேதி மலேசியச் சுகாதார அமைச்சு ஒரு செய்தியை வெளியிட்டது. சபாவின் துவாரான் பகுதியில் மூன்று மாத ஆண் குழந்தை ஒன்றுக்குப் போலியோ. நாட்டில் 27 ஆண்டுகளாக ஒரு போலியோ நோயாளிகூட இல்லை. 2000ஆம் ஆண்டிலேயே மலேசியா போலியோ அற்ற நாடாக அறிவிக்கப்பட்டிருந்தது.

அங்கே பரவிய கிருமி, சில நாடுகளில் வாய்வழிச் சொட்டு மருந்தாகக் கொடுக்கப்படும் வலுக்குறைந்த கிருமியின் வழித்தோன்றல். போதிய தடுப்பூசி பெறாதவர்கள் நிறைந்த இடத்தில் அது நெடுநாள் சுற்றிச் சுற்றி மீண்டும் வலுப்பெற்றுவிடும். எல்லாரும் தடுப்பூசி பெற்றிருந்தால் அதற்குச் சுற்ற இடமே இருக்காது. இப்போது நம் குழந்தைகளுக்குப் போடப்படும் ஆறில் ஒன்று ஊசியில் இருப்பது கொல்லப்பட்ட போலியோ கிருமி. அதனால் நோயை உண்டாக்க முடியாது.

தட்டம்மை இன்னும் வேகமாகப் பரவும் நோய். அதைத் தடுத்து நிறுத்த, ஒரு சமூகத்தில் நூற்றுக்கு 95 பேர் பாதுகாப்புப் பெற்றிருக்க வேண்டும். ஊசிக்குப் பயந்து ஒரு குடும்பம் பின்வாங்கும்போது, இன்னும் ஊசி போடும் வயதே வராத பக்கத்து வீட்டுக் கைக்குழந்தையின் பாதுகாப்பும் சேர்ந்து குறைகிறது.

ஏற்கெனவே ஒரு தவணை தவறிப் போயிருந்தால் வெட்கப்பட வேண்டியதில்லை. பதிவேட்டை எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போனால் போதும். பொதுவாக விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டிய தேவை இருக்காது.

எது உதவும்? எது உதவாது?

உலகச் சுகாதார நிறுவனம் 2015 செப்டம்பரில் ஊசி வலியைக் குறைக்கும் வழிகளைப் பற்றித் தன் நிலைப்பாட்டை வெளியிட்டது. அதிலுள்ள பல குறிப்புகள் வீட்டார் செய்யக்கூடியவை.

*தூக்கி அணைத்துக்கொள்ளுங்கள்.* குழந்தையை மேசைமேல் மல்லாக்கக் கிடத்தி நாலு பேர் கையைக் காலை அமுக்கினால், ஊசியைவிட அந்தப் பிடிதான் பயமுறுத்தும். அம்மாவோ அப்பாவோ பாட்டியோ மடியில் நிமிர்த்தி உட்காரவைத்து மார்போடு அணைத்துக்கொள்ளலாம். ஊசி போடும் கால் மட்டும் அசையாமல் இருந்தால் போதும்.

*தாய்ப்பால் கொடுக்கலாம்.* ஊசிக்கு ஐந்து நிமிடம் முன்பே தொடங்கி, போடும்போதும் போட்ட பிறகும் தொடரலாம். 2016இல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வு, தாய்ப்பால் குடித்த குழந்தைகள் மற்றவர்களைவிடச் சராசரியாக 38 நொடி குறைவாக அழுதார்கள் என்று கண்டது. ஒரு நிமிட அழுகையில் 38 நொடி என்பது சிறிய அளவல்ல. இனிப்பு என்பதற்காக ஒரு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தையின் நாக்கில் தேன் மட்டும் தடவாதீர்கள். தேனில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிரி கைக்குழந்தைகளுக்குக் கடுமையான நச்சு நோயை உண்டாக்கலாம்.

*கடுமையானதைக் கடைசியில்.* ஒரே நாளில் இரண்டு ஊசி இருந்தால், அதிகம் வலிக்கும் ஊசியை இரண்டாவதாகப் போடுவது நல்லது. தாதிக்கு இது தெரிந்திருக்கும்.

*கவனத்தைத் திருப்புங்கள்.* மூளை ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் முழுக் கவனத்தோடு கவனிக்க முடியாது. சோப்புக் குமிழி ஊதுவது, கிலுகிலுப்பை, கைப்பேசியில் பிடித்த பாட்டு, சுவரில் ஒட்டியிருக்கும் படத்தில் எத்தனை பறவை என்று எண்ணுவது எல்லாமே உதவும். ஆறு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்கு இது நன்றாக வேலை செய்யும். ஊதுவதற்கு இன்னொரு பலனும் உண்டு. குமிழி ஊதும் பிள்ளை தன்னை அறியாமலேயே மூச்சை மெதுவாக விடுகிறது.

அந்த அறிக்கை வேண்டாம் என்று சொன்னவையும் உண்டு. ஊசி போடும் இடத்தைத் தேய்ப்பதை அது பரிந்துரைக்கவில்லை. இது உங்களுக்கு வியப்பாக இருக்கலாம், ஏனென்றால் இடித்துக்கொண்ட இடத்தைத் தேய்த்தால் வலி குறைகிறது. 1965இல் மெல்சாக், வால் என்ற இருவர் முன்வைத்த ‘வாயில் கொள்கை’ அதற்கு விளக்கமும் தருகிறது: தொடு உணர்வுச் செய்திகள் முதுகுத்தண்டில் வலிச் செய்திகளின் வழியை ஓரளவு அடைத்துவிடுகின்றன. ஆனால் தடுப்பூசி போடும் இடத்தில் தேய்ப்பது பலன் தருகிறது என்பதற்குப் போதிய சான்று கிடைக்கவில்லை. கொள்கை அழகாக இருந்தாலும், சோதித்துப் பார்த்த பிறகே அறிவியல் அதை நடைமுறைக்குப் பரிந்துரைக்கும்.

காய்ச்சல் வரும் முன்பே பாராசிட்டமால் கொடுத்துவிட்டுப் போவதும் வேண்டாம். செக் குடியரசில் 459 குழந்தைகளிடம் நடந்து 2009இல் வெளியான ஆய்வு, இப்படி முன்கூட்டியே கொடுத்த குழந்தைகளுக்குக் காய்ச்சல் குறைந்தது என்றும், சில தடுப்பூசிகளுக்கு உடல் உருவாக்கும் எதிர்ப்பொருளும் குறைந்தது என்றும் காட்டியது. ஊசிக்குப் பிறகு காய்ச்சலடித்துக் குழந்தை சிரமப்பட்டால், தாதியோ மருத்துவரோ சொன்ன அளவில் கொடுக்கலாம்.

சொல்லும் முகமும்

இனி அந்த எறும்புக்கு வருவோம். கனடாவில் மெகன் மக்மர்ட்ரியும் உடன் ஆய்வாளர்களும் 2010இல் வெளியிட்ட ஆய்வு, இரத்தம் எடுக்கப்பட்ட பிள்ளைகளைப் பற்றியது. ‘கவலைப்படாதே’, ‘ஒன்றும் இல்லை’ என்று பெற்றோர் சொல்லும்போது, பெற்றோரே பயந்திருக்கிறார்கள் என்று பிள்ளைகள் புரிந்துகொண்டார்கள். அம்மா வேறு எதைப் பற்றியாவது பேசிக் கவனத்தைத் திருப்பும்போது அப்படித் தோன்றவில்லை. பிள்ளைகள் நம் சொல்லின் பொருளைவிட நம் முகத்தையும் குரலையும்தான் முதலில் படிக்கிறார்கள்.

‘வலிக்காது’ என்பதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. வலித்துவிட்டால் சொன்னவர் பொய் சொன்னவர் ஆகிவிடுகிறார். நான்கு வயதுப் பிள்ளையிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: “தம்பி, இன்னிக்கு மிஸ்ஸி உன் கையில ஊசி போடுவாங்க. கொஞ்ச நேரம் சுருக்குனு இருக்கும். நீ அக்கா கையைப் பிடிச்சுக்கிட்டு, மெழுகுவத்தி அணைக்கிற மாதிரி ஊது. அதுக்குள்ள முடிஞ்சிடும். அழுகை வந்தா அழலாம்.” இதில் பொய் இல்லை. பிள்ளைக்குச் செய்ய ஒரு வேலையும் இருக்கிறது.

இன்னொரு பழக்கத்தையும் நாம் விட்டுவிட வேண்டும். “சேட்டை பண்ணினா டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போடச் சொல்லிடுவேன்” என்று மிரட்டுவது. தண்டனை என்று பழகிப்போன ஒன்றைப் பிள்ளை பாதுகாப்பு என்று எப்படி ஏற்றுக்கொள்ளும்?

பெற்றோரின் பயத்தையும் நாம் மதிக்க வேண்டும். முதல் குழந்தையைத் தூக்கிவரும் இளம் தாய் ஊசியைப் பார்க்கவே கலங்கலாம். ‘இதுக்கெல்லாமா பயப்படுவ?’ என்ற கேலி அவருக்கு உதவாது. ஊசி போட்ட இடம் சிவந்து வீங்கலாம், ஓரிரு நாள் காய்ச்சல் வரலாம், பி.சி.ஜி. போட்ட இடத்தில் சில வாரம் கழித்துச் சிறு கொப்புளம் தோன்றித் தழும்பாக ஆறலாம் என்று முன்பே தெரிந்திருந்தால் அவர் பதற மாட்டார். அந்தக் கொப்புளத்துக்கு மஞ்சளோ களிம்போ போடாமல் விட்டுவிட வேண்டும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். கடுமையான ஒவ்வாமை மிக அரிது, ஏறக்குறைய பத்து லட்சம் ஊசிக்கு ஒன்று. அது பெரும்பாலும் சில நிமிடங்களிலேயே தெரிந்துவிடும். அதற்குத்தான் ஊசி போட்ட பிறகு கிளினிக்கில் சற்று நேரம் உட்காரச் சொல்கிறார்கள். வீட்டுக்கு வந்த பிறகு மூச்சுத் திணறல், வலிப்பு, இறங்காத காய்ச்சல், நிற்காத அழுகை ஆகியவற்றுள் ஏதேனும் இருந்தால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

உங்கள் முறை வரும்போது

முதலாம் ஆண்டில் போட்ட ஊசி உங்களுக்கு நினைவிருக்கும். 13 வயதில் மாணவிகளுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. ஊசி, 15 வயதில் அனைவருக்கும் ரணஜன்னி ஊசி. இவை பள்ளியிலேயே போடப்படுகின்றன. இந்த வயதில் சிலர் ஊசியைக் கண்டதும் மயங்கி விழுவார்கள். அதற்குக் காரணம் கோழைத்தனம் அல்ல. வேகஸ் என்னும் நரம்பு தூண்டப்பட்டு இதயத் துடிப்பு குறைகிறது, இரத்தக் குழாய்கள் விரிகின்றன, இரத்த அழுத்தம் சட்டென்று இறங்குகிறது, மூளைக்குப் போகும் இரத்தம் சில நொடி குறைகிறது. உங்களுக்கு அப்படி ஆவதுண்டு என்றால் தாதியிடம் முன்பே சொல்லிப் படுத்தபடி ஊசி போட்டுக்கொள்ளுங்கள். சுவீடனின் உளவியலாளர் லார்ஸ் கோரான் ஒஸ்ட் 1980களில் உருவாக்கிய ஒரு பயிற்சியும் உதவும். தொடை, வயிறு, ஊசி போடாத கை ஆகியவற்றின் தசைகளை 10 முதல் 15 நொடி இறுக்குங்கள். பிறகு 20 முதல் 30 நொடி தளர்த்துங்கள். இதை ஐந்து முறை செய்தால் இரத்த அழுத்தம் இறங்காமல் நிற்கும்.

பயம் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றவும் செய்யும். 2014இல் கொலம்பியா நாட்டின் எல் கார்மென் தெ பொலிவார் என்ற ஊரில், எச்.பி.வி. ஊசி போட்டுக்கொண்ட மாணவிகள் சிலருக்கு மயக்கமும் தலைவலியும் வந்தன. காட்சிகள் இணையத்தில் பரவின. சில வாரங்களில் அறிகுறி கண்டவர்கள் நூற்றுக்கணக்கானவர்கள் ஆனார்கள். ஆராய்ந்த அந்நாட்டுச் சுகாதார ஆய்வு நிலையம், மருந்தில் குறை இல்லை, இது மன அழுத்தத்தால் கூட்டமாக ஏற்பட்ட எதிர்வினை என்று கண்டறிந்தது. அந்த மாணவிகள் நடிக்கவில்லை, அவர்களுடைய துன்பம் உண்மையானது. ஆனாலும் 90 விழுக்காட்டுக்கும் மேல் இருந்த எச்.பி.வி. தடுப்பூசி வீதம் அந்த நாட்டில் 2016க்குள் 14 விழுக்காட்டுக்கு இறங்கியது. ஆகவே வரிசையில் நிற்கும்போது, ‘ஊசி இவ்வளவு நீளம்’ என்று கையை விரித்துக் காட்டித் தோழியைப் பயமுறுத்தும் விளையாட்டு வேண்டாம். கனடாவில் பள்ளித் தடுப்பூசிக்கு முன் மாணவர்களுக்கு நான்கு செய்திகளைக் கற்றுத்தருகிறார்கள்: வசதியாக உட்காருங்கள், சந்தேகத்தைக் கேளுங்கள், உடலைத் தளர்த்துங்கள், கவனத்தைத் திருப்புங்கள்.

இந்த வாரம் வீட்டில் ஒரு வேலை செய்யுங்கள். தம்பி தங்கையின் பதிவேட்டைப் பார்த்து, அடுத்த ஊசியின் தேதியை நாள்காட்டியில் குறித்துவையுங்கள். அந்த நாளில் சோப்புக் குமிழிப் புட்டியைப் பையில் எடுத்துக்கொள்ளும் பொறுப்பு உங்களுடையது.